மக்களவையில் ஒரு பிரச்சினையைக் கொண்டுசெல்வது எப்படி? புதியவர்களுக்கான வழிகாட்டி

உங்கள் ஊரில் ரயில்வே மேம்பாலப் பணி பாதியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தண்டவாளத்துக்கு இருபுறமும் தூண்கள் எழும்பிவிட்டன. நடுவில் பாலம் இல்லை. ஊர்க்காரர்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு வந்து, "இதைப் பற்றி நாடாளுமன்றத்தில் பேசச் சொல்லுங்கள்" என்கிறார்கள். அந்த அலுவலகத்தில் நீங்கள் புதிதாகச் சேர்ந்த உதவியாளராக இருக்கலாம். அல்லது கோரிக்கையோடு வந்த ஊர்க்காரர்களில் ஒருவராகவே இருக்கலாம். இருவருக்கும் முதலில் விளங்க வேண்டியது, "பேசுவது" என்று நாம் பொதுவாகச் சொல்லும் ஒற்றைச் சொல்லுக்குள் மக்களவையின் நடைமுறை விதிகள் பத்துக்கும் மேற்பட்ட தனித்தனி வழிகளை வைத்திருக்கின்றன என்பதே. வழியைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால், நியாயமான கோரிக்கையும் செயலகத்தின் மேசையைத் தாண்டாது.

இந்தக் கட்டுரை இந்திய மக்களவையை மையமாக வைத்து எழுதப்பட்டது. மாநிலங்களவையில் முக்கியமான வேறுபாடு வரும் இடங்களில் மட்டும் அதைக் குறிப்பிடுகிறேன். தமிழ்நாடு சட்டப்பேரவைக்கென்று தனி விதிகள் உள்ளன. பெயர்கள் ஒத்திருந்தாலும் எண்களும் கால வரம்புகளும் வேறு என்பதால், ஒன்றில் கற்றதை மற்றொன்றில் அப்படியே பயன்படுத்தக் கூடாது.

முதல் படி: எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

எதையும் எழுதத் தொடங்கும் முன், உங்களுக்கு வேண்டியது தகவலா, அவையில் பதிவாகும் ஒரு குறிப்பா, விவாதமா, வாக்கெடுப்பா, அல்லது நிவாரணமா என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். தகவல் வேண்டுமென்றால் வினா; பதிவு வேண்டுமென்றால் பூஜ்ஜிய நேரம் அல்லது விதி 377; விவாதம் மட்டும் போதுமென்றால் விதி 193; அவை வாக்களித்து ஒரு முடிவைச் சொல்ல வேண்டுமென்றால் விதி 184, ஒத்திவைப்புத் தீர்மானம், நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஆகியவற்றில் ஒன்று; குடிமக்கள் தாங்களே கையெழுத்திட்டுக் கேட்க வேண்டுமென்றால் மனு. நம் மேம்பாலத்துக்கு ஒத்திவைப்புத் தீர்மானம் கேட்பது கொசுவுக்குப் பீரங்கி வைப்பதாகும். ஆனால் புதியவர்கள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறார்கள், ஏனெனில் செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வரும் பெயர் அதுதான்.

அடுத்து, விஷயம் ஒன்றிய அரசின் பொறுப்பில் உள்ளதா என்று பாருங்கள். மேம்பாலம் இதற்கு நல்ல உதாரணம். தண்டவாளத்துக்கு மேலே வரும் பகுதியைப் பெரும்பாலும் ரயில்வே கட்டுகிறது. இருபுறமும் ஏறி இறங்கும் அணுகுசாலைகளையும் அவற்றுக்கான நில எடுப்பையும் மாநில நெடுஞ்சாலைத் துறை பார்க்கிறது. நின்றுபோனது எந்தப் பகுதி என்று தெரியாமல் வினா கொடுத்தால், "அணுகுசாலைப் பணி மாநில அரசைச் சார்ந்தது" என்ற ஒரு வரிப் பதிலோடு கோப்பு மூடப்படும். ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவது, பத்து நோட்டீஸ் கொடுப்பதைவிடப் பயனுள்ளது.

இரண்டாம் படி: வினா

மக்களவை கூடும் நாள்களில் காலை 11 மணி முதல் 12 மணி வரை கேள்வி நேரம். மாநிலங்களவையிலும் அது முன்பு 11 மணிக்கே இருந்தது. அமளியில் வீணாவதைத் தவிர்க்க 2014ஆம் ஆண்டின் இறுதியில் 12 மணிக்கு மாற்றினார்கள்.

நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் அவையில் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும்; அதன்மேல் துணை வினாக்கள் கேட்கலாம். நட்சத்திரக் குறியில்லாத வினாவுக்கு எழுத்துப்பூர்வமான பதில் அவையின் மேசையில் வைக்கப்படும். துணை வினா கிடையாது. மக்களவையில் ஒரு நாளுக்கு நட்சத்திர வினாக்கள் 20, மற்றவை 230 வரை பட்டியலில் இடம்பெறும். நட்சத்திர வினா ஓர் உறுப்பினருக்கு ஒரு நாளில் ஒன்றுக்கு மேல் கிடைக்காது. விண்ணப்பங்கள் மிகுதி என்பதால் முன்னுரிமையைக் குலுக்கல் முடிவு செய்கிறது.

இங்கே ஒரு கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நட்சத்திர வினா கிடைத்தால் தொலைக்காட்சியில் உறுப்பினர் தெரிவார் என்பது உண்மைதான். ஆனால் அந்த இருபதில் ஒரு மணி நேரத்துக்குள் வாய்மொழிப் பதில் பெறுவது பெரும்பாலும் நான்கைந்துதான். எஞ்சியவை தாமாகவே எழுத்துப் பதிலாக மாறிவிடும். தகவல்தான் குறி என்றால், நட்சத்திரமில்லாத வினாவையே நான் பரிந்துரைப்பேன். மாவட்டவாரியான, ஆண்டுவாரியான எண்களை இணைப்பாகப் பெறுவதற்கு அதைவிட நல்ல வழி நாடாளுமன்றத்தில் இல்லை.

கால வரம்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். குறைந்தது 15 முழு நாள்களுக்கு முன் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். "முழு நாள்" என்றால் கொடுக்கும் நாளும் பதில் வரும் நாளும் கணக்கில் சேராது. டிசம்பர் 22ஆம் தேதி பதில் வேண்டுமென்றால், 7 முதல் 21 வரை பதினைந்து நாள்கள் இடையில் இருக்க வேண்டும்; எனவே நோட்டீஸ் 6ஆம் தேதியாவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இதோடு, அமைச்சகங்கள் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டு வாரத்தின் ஒவ்வொரு நாளும் ஒரு குழுவுக்கென ஒதுக்கப்பட்டிருக்கும். ரயில்வேக்கு ஒதுக்கிய நாளில்தான் ரயில்வே பதில் சொல்லும். கூட்டத்தொடர் அறிவிக்கப்பட்டவுடன் மக்களவைச் செயலகம் வெளியிடும் அட்டவணையை அச்சிட்டு மேசைக்கு மேல் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

இனி எழுதும் முறை. வினா 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம், ஊகம், கேலி, குற்றச்சாட்டு, அடைமொழி எதுவும் கூடாது. கருத்துக் கேட்கக் கூடாது. நடக்காத ஒன்றை நடந்ததாக வைத்துக் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளதைக் கேட்கக் கூடாது. "மேம்பாலம் இல்லாமல் மக்கள் படும் அவதியை அரசு அறியுமா? அலட்சியத்துக்குக் காரணம் என்ன?" என்று எழுதினால், முதல் பாதிக்கு விஷயமில்லாத பதில் வரும், இரண்டாம் பாதியைச் செயலகமே அடித்துவிடும். அதே கோபத்தைக் கீழ்க்கண்டவாறு எழுதிப் பாருங்கள்.

"ரயில்வே அமைச்சர் பின்வருவனவற்றைத் தெரிவிப்பாரா: (அ) இந்த லெவல் கிராசிங்கில் மேம்பாலம் கட்ட ஒப்புதல் அளிக்கப்பட்ட நாள், அதன் மதிப்பீட்டுத் தொகை; (ஆ) இதுவரை ஒதுக்கப்பட்ட தொகையும் செலவிடப்பட்ட தொகையும், ஆண்டுவாரியாக; (இ) பணி நிறுத்தப்பட்டிருப்பின் எந்த நாளிலிருந்து, எந்த முகமையின் பகுதியில், என்ன காரணத்தால்; (ஈ) பணியை முடிக்க நிர்ணயிக்கப்பட்டுள்ள நாள்?"

இதில் ஓர் அடைமொழிகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு உட்பிரிவும் ஒரு தேதியையோ தொகையையோ கேட்கிறது. "விவரங்கள் யாவை" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே பதில் வரும். அமைச்சகங்களுக்கும் தங்களுக்கென்று ஒரு நடை உண்டு. "(அ) முதல் (ஈ) வரை: மேம்பாலங்கள் அமைப்பது ஒரு தொடர் நடவடிக்கை" என்று நான்கு உட்பிரிவுகளையும் ஒரே பத்தியில் கரைத்துவிடுவார்கள். முதல் பிரிவுக்கு "இல்லை" என்று சொல்லிவிட்டு, எஞ்சியவற்றுக்குக் "கேள்வி எழவில்லை" என்று முடிப்பதும் வழக்கம். ஆகவே (அ) பிரிவை ஆம்–இல்லை வடிவில் அமைக்காமல் இருப்பது நல்லது.

பதில் வந்தபின் வேலை முடிந்துவிடுவதில்லை. "பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்பட்டு அவையின் மேசையில் வைக்கப்படும்" போன்ற சொற்கள் பதிலில் இருந்தால் கூர்ந்து பாருங்கள். அவை மழுப்பலாகத் தோன்றலாம்; ஆனால் நாடாளுமன்றக் கணக்கில் அவை உறுதிமொழிகள். 1953 முதல் செயல்படும் அரசு உறுதிமொழிக் குழு இத்தகைய சொற்றொடர்களுக்கு ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. உறுதிமொழியை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் அமைச்சகம் கால நீட்டிப்புக் கேட்க வேண்டும். ஊர்க்காரர்கள் "ஒன்றும் சொல்லவில்லையே" என்று தூக்கிப்போடும் பதிலில்தான் பல நேரம் பிடி இருக்கிறது.

பதில் போதவில்லை என்றால் அரை மணி நேர விவாதம் கேட்கலாம். திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் அதற்கு நேரம் உண்டு, மூன்று நாள்களுக்கு முன் நோட்டீஸ் வேண்டும், வாக்கெடுப்பு கிடையாது. 15 நாள் காத்திருக்க முடியாத அவசர விஷயமென்றால் குறுகிய கால அறிவிப்பு வினா இருக்கிறது. ஆனால் அமைச்சர் சம்மதித்தால்தான் அது நடக்கும் என்பதால் அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

ஒரு வினாவால் என்னதான் ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு 1957ஐ நினைவூட்டலாம். ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானபோது புதிதாக உருவான ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் சுமார் 1.25 கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது பற்றி மக்களவையில் வினா எழுந்தது. அரசின் பதில் திருப்தி தராத நிலையில், ஆளும் கட்சி உறுப்பினரான பெரோஸ் காந்தி டிசம்பர் மாதத்தில் அதை விரிவாக எழுப்பினார். நீதிபதி சாக்ளா தலைமையில் ஒரு நபர் ஆணையம் அமைந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். சென்னையில் டி. டி. கே. வணிக நிறுவனத்தைத் தொடங்கி, பின்னர் நேரு அமைச்சரவையின் தூண்களில் ஒருவராக இருந்தவர் அவர். தொடக்கம், பங்கு வாங்கப்பட்டதா என்று கேட்ட ஒரு சாதாரண வினாதான்.

மூன்றாம் படி: பூஜ்ஜிய நேரமும் விதி 377உம்

கேள்வி நேரம் முடிந்த கையோடு வருவது பூஜ்ஜிய நேரம். விதிப் புத்தகத்தில் இந்தப் பெயரே கிடையாது. 1960களில் வழக்கத்தில் வளர்ந்தது. தமிழ்நாடு சட்டப்பேரவையில் இதையே நேரமில்லா நேரம் என்கிறோம். காலையில் நோட்டீஸ் கொடுத்தால் குலுக்கலில் வாய்ப்பு வரலாம். இரண்டு மூன்று நிமிடம் பேசலாம். அமைச்சர் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

விதி 377 சற்று வேறு. 250 சொற்களுக்குள் எழுதிய உரையை உறுப்பினர் படிப்பார், அல்லது மேசையில் வைப்பார். அமைச்சகம் பின்னர் எழுத்தில் பதில் அனுப்பும். வாரத்துக்கு ஒன்றுதான் அனுமதி. கையில் ஒரு காகிதம் வேண்டுமென்றால் 377, ஊரில் காட்ட ஒரு காணொளி வேண்டுமென்றால் பூஜ்ஜிய நேரம் என்று உதவியாளர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது வழக்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை.

நான்காம் படி: தீர்மானங்கள்

தீர்மானம் என்ற சொல் வந்தாலே ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: முடிவில் வாக்கெடுப்பு உண்டா? அரசும் எதிர்க்கட்சியும் ஒரு விவாதத்தை எந்த விதியின்கீழ் நடத்துவது என்று நாள்கணக்கில் மல்லுக்கட்டுவதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் வீண் பிடிவாதம் என்று நினைப்பார்கள். உண்மையில் அந்தச் சண்டையே வாக்கெடுப்பைப் பற்றியதுதான்.

விதி 193இன்கீழ் குறுகிய கால விவாதம் நடக்கும். நோட்டீஸ் கொடுப்பவரோடு மேலும் இருவர் கையெழுத்திட வேண்டும். அமைச்சர் பதிலோடு முடிந்துவிடும். விதி 184இன்கீழ் வந்தால் இறுதியில் அவை வாக்களிக்கும். 2012 டிசம்பரில் பல்பொருள் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு பற்றிய விவாதம் 184இன்கீழ்தான் வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் பிடித்த பிடியில் நின்றதற்குக் காரணம் இதுவே; அரசு இறங்கிவந்து, வாக்கெடுப்பில் வென்றது. 2023 ஜூலையில் மணிப்பூர் குறித்து மாநிலங்களவையில் விதி 267ஆ, விதி 176ஆ என்று எழுந்த வாதமும் இதே இனம். 267 என்பது அன்றைய அலுவல்களை நிறுத்திவைத்து விவாதிக்கக் கோருவது. 176 என்பது குறுகிய கால விவாதம்.

கவன ஈர்ப்புத் தீர்மானம் (விதி 197) இந்திய நாடாளுமன்றம் தானே உருவாக்கிக்கொண்டது; 1954இலிருந்து இருக்கிறது. அவசர முக்கியத்துவமுள்ள ஒரு விஷயத்தில் அமைச்சரின் அறிக்கையைக் கோருவது இது. அறிக்கையின்மேல் விவாதம் கிடையாது. பெயர் இடம்பெற்ற உறுப்பினர்கள், ஐவர் வரை, ஆளுக்கொரு விளக்கம் கேட்கலாம். மீனவர் கைது, ஆலை வெடிவிபத்து போன்றவற்றுக்கு இது பொருத்தமான வழி. மேம்பாலத்தில் ஏதேனும் பெரிய விபத்து நேர்ந்தால் ஒழிய நம் விஷயத்துக்கு இது ஒத்துவராது.

ஒத்திவைப்புத் தீர்மானம் மக்களவைக்கு மட்டுமே உரியது, மாநிலங்களவையில் இல்லை. காரணம், அதில் அரசைக் கண்டிக்கும் கூறு இருக்கிறது, அமைச்சரவையோ மக்களவைக்குத்தான் பொறுப்பு. காலை 10 மணிக்குள் நோட்டீஸ், சபாநாயகரின் இசைவு, எதிர்ப்பு எழுந்தால் குறைந்தது 50 உறுப்பினர்கள் எழுந்து நின்று ஆதரிக்க வேண்டும், மாலை 4 மணிக்கு விவாதம். வழக்கமான அலுவலை நிறுத்தும் அளவுக்குக் குறிப்பிட்ட, அண்மைய, அவசரமான ஒரே விஷயமாக இருக்க வேண்டும் என்பதால், நூறு நோட்டீஸ் கொடுத்தால் ஒன்று தேறுவதே அரிது.

நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு (விதி 198) காரணம் எழுத வேண்டிய அவசியமே இல்லை. அமைச்சரவைமீது நம்பிக்கை இல்லை என்ற ஒரு வரி போதும். இதற்கும் 10 மணிக்குள் நோட்டீஸ், 50 பேர் ஆதரவு. அனுமதி கிடைத்த நாளிலிருந்து பத்து நாள்களுக்குள் விவாதம் நடக்க வேண்டும். முதலாவதை 1963 ஆகஸ்டில் நேரு அரசுக்கு எதிராக ஆச்சார்ய கிருபளானி கொண்டுவந்தார். 62க்கு 347 என்ற கணக்கில் தோற்றது.

இந்த 50 பேர் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. 2018 மார்ச்சில் தெலுங்கு தேசமும் ஒய்எஸ்ஆர் காங்கிரசும் நாள்தோறும் நோட்டீஸ் கொடுத்தன. அதே நாள்களில் காவிரி மேலாண்மை வாரியம் கோரி அதிமுக உறுப்பினர்கள் அவையின் மையப்பகுதியில் பதாகைகளோடு நின்றுகொண்டிருந்தார்கள்; தெலங்கானா ராஷ்டிர சமிதியினரும் தங்கள் கோரிக்கையோடு நின்றார்கள். அவை ஒழுங்கில் இல்லாத நிலையில் எழுந்து நிற்பவர்களை எண்ண முடியாது என்று கூறிச் சபாநாயகர் சுமித்ரா மகாஜன் அவையை ஒத்திவைத்தார். மறுநாளும் அதுவே, அதற்கு மறுநாளும் அதுவே. தீர்மானம் ஜூலையில்தான் ஏற்கப்பட்டு, 126க்கு 325 என்ற கணக்கில் தோற்றது. தலைகளை எண்ண முடியாத அமளி யாருக்கு உதவியது என்பதை அவரவர் தீர்மானித்துக்கொள்ளலாம். விதியின்படி எண்ணிக்கை என்பது கண்ணால் பார்த்து எண்ணுவது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கைத் தீர்மானம் வேறு. விதிப் புத்தகத்தில் அதற்குத் தனி விதி இல்லை. பிரதமரே 184இன்கீழ்க் கொண்டுவருவார். 1999 ஏப்ரல் 17 அன்று அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்டபின் வாஜ்பாய் கொண்டுவந்த தீர்மானம் 269க்கு 270 என்று ஒரே வாக்கில் தோற்றது.

அமைச்சகங்களின் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கைகளின்போது, அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லிக் கொண்டுவரும் வெட்டுத் தீர்மானங்களை மறந்துவிடாதீர்கள். கொள்கையையே எதிர்ப்பதென்றால் "கோரிக்கைத் தொகையை 1 ரூபாயாகக் குறைக்க வேண்டும்". செலவைக் குறைக்கச் சொல்வதென்றால் குறிப்பிட்ட ஒரு தொகை. ஒரு குறிப்பிட்ட குறையை எழுப்புவதென்றால் "100 ரூபாய் குறைக்க வேண்டும்". நம் மேம்பாலத்துக்கு ரயில்வே மானியக் கோரிக்கையில் நூறு ரூபாய் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். நிறைவேறாது; ஆனால் ஊரின் பெயரும் குறையும் அச்சில் ஏறும். எதைக் கேட்கிறோம் என்று தெளிவாக எழுத இதைவிட நல்ல பயிற்சி இல்லை என்பேன்.

ஐந்தாம் படி: மனு

இதுவரை சொன்னவை எல்லாம் உறுப்பினர் வழியாகவே நடப்பவை. குடிமகன் தன் கையெழுத்தோடு அவையின் முன் நிற்கக்கூடிய ஒரே வழி மனுதான்; அதுதான் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுகிறது. அறிமுகமான மசோதா, அவையின் முன் நிலுவையிலுள்ள அலுவல், பொதுநலன் சார்ந்த விஷயம் ஆகியவை பற்றி மனு கொடுக்கலாம். நீதிமன்றம், தீர்ப்பாயம், ஆணையம் ஆகியவற்றின் வரம்பில் வருவதும், மாநிலச் சட்டமன்றத்தில் எழுப்ப வேண்டியதும், சட்டத்தில் ஏற்கெனவே பரிகாரம் உள்ளதும் ஏற்கப்படா. ஒருவரது தனிப்பட்ட பணி மாறுதல், ஓய்வூதியப் பாக்கி போன்றவை மனுவாகா.

வடிவத்தில் கண்டிப்பு அதிகம். விதிகளின் முதல் அட்டவணையில் தந்துள்ள படிவத்தில், மக்களவையை விளித்து, பணிவான, நிதானமான மொழியில் எழுத வேண்டும். கோரிக்கை என்ன என்பது இறுதியில் தெளிவாக இருக்க வேண்டும். கையெழுத்திடுபவர் ஒவ்வொருவரும் பெயரும் முகவரியும் தர வேண்டும். எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். கடிதம், பிரமாணப் பத்திரம், வேறு எந்த ஆவணமும் இணைக்கக் கூடாது. இது பலருக்கும் வியப்பாக இருக்கும்: மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவுக்குப் பின்னால் முப்பது நகல்களைக் குத்திக் கொடுத்துப் பழகிய நமக்கு, இணைப்பே கூடாது என்பது விளங்குவது கடினம். சொல்ல வேண்டியதெல்லாம் மனுவின் உடலிலேயே இருக்க வேண்டும் என்பது இதன் பொருள். தமிழில் எழுதலாம்; ஆனால் மனுதாரர் கையெழுத்திட்ட ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பு உடன் இருக்க வேண்டும். உறுப்பினர் வழியாகத் தாக்கல் செய்தால் அவர் மேலொப்பம் இடுவார். நேரடியாக மக்களவைச் செயலகத்தின் தலைமைச் செயலாளருக்கு அனுப்பவும் செய்யலாம்.

தாக்கலாகும் மனு, மனுக்கள் குழுவுக்குப் போகும். மத்திய சட்டசபைக் காலத்தில், 1924இலேயே தொடங்கிய பழைய குழு அது. மக்களவையில் 15 உறுப்பினர்கள், மாநிலங்களவையில் 10. அமைச்சர்கள் இடம்பெற முடியாது. குழு அமைச்சகத்திடம் கருத்துக் கேட்கும். தேவைப்பட்டால் மனுதாரரையும் அதிகாரிகளையும் அழைத்து விசாரிக்கும். பரிந்துரையோடு அறிக்கை தரும். படிவத்தில் அமையாத கடிதங்களையும் முறையீடு என்ற வகையில் குழு பார்ப்பதுண்டு.

குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. இதை முன்கூட்டியே ஊர்க்காரர்களிடம் சொல்லிவிடுவது நாணயம். 1995ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் மிகக் குறைந்த ஓய்வூதியம் பெறுவோரின் மனுவை மாநிலங்களவையின் மனுக்கள் குழு எடுத்துக்கொண்டது. பகத் சிங் கோஷ்யாரி தலைமையிலான அந்தக் குழு, குறைந்தபட்சம் மாதம் 3000 ரூபாய் வழங்க வேண்டும் என்று 2013இல் பரிந்துரைத்தது. அரசு 2014 செப்டம்பரிலிருந்து நிர்ணயித்தது 1000 ரூபாய். கேட்டது கிடைக்கவில்லை என்பது மெய். ஆனால் அதன்பின் ஓய்வூதியர் கூட்டம் எங்கு நடந்தாலும், "கோஷ்யாரி குழு அறிக்கையை அமல்படுத்து" என்ற வாசகம் பதாகையில் இருக்கிறது. கோரிக்கைக்கு ஒரு நாடாளுமன்ற ஆவணத்தின் பெயரும் ஓர் எண்ணும் கிடைத்துவிட்டன.

ஆறாம் படி: ஒழுங்கு நடவடிக்கையை அறிந்துகொள்ளுங்கள்

உங்கள் உறுப்பினர் அவைக்குள் இருந்தால்தான் மேலே சொன்னதெல்லாம் நடக்கும். ஆகவே அவர் எப்போது வெளியேற்றப்படலாம் என்பதும் உதவியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செய்தித்தாள்கள் கலந்து எழுதும் மூன்று சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம். இடைநீக்கம் என்பது சில நாள்களுக்கு வெளியே நிறுத்துவது, பதவி போகாது. நீக்கம் என்பது அவையே தீர்மானம் போட்டு உறுப்பினர் பதவியைப் பறிப்பது. அந்த இடம் காலியாகும், ஆனால் அவர் மீண்டும் தேர்தலில் நிற்கத் தடையில்லை. தகுதியிழப்பு என்பது சட்டத்தால் வருவது: இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெறுவது, கட்சித் தாவல் போன்றவை.

மக்களவையில் படிகள் இவ்வாறு போகும். விதி 373இன்படி சபாநாயகர் ஓர் உறுப்பினரை அன்றைய நாள் முழுவதற்கும் வெளியேறச் சொல்லலாம். தொடர்ந்து இடையூறு செய்பவரை விதி 374இன்கீழ் அவர் பெயர் சொல்லிக் குறிப்பிடுவார்; இது "பெயர் குறிப்பிடுதல்" என்றே வழங்குகிறது. பிறகு ஒருவர் தீர்மானம் முன்மொழிய, அவை ஏற்றால், கூட்டத்தொடரின் எஞ்சிய நாள்கள் வரை இடைநீக்கம். 2001இல் சேர்க்கப்பட்ட 374ஏ, தீர்மானத்துக்கே அவசியமில்லாமல் செய்தது: அவையின் மையப்பகுதிக்கு வந்தோ முழக்கமிட்டோ கடுமையாக இடையூறு செய்பவரைச் சபாநாயகர் பெயர் குறிப்பிட்ட உடனே, ஐந்து அமர்வுகளுக்கோ எஞ்சிய கூட்டத்தொடருக்கோ, எது குறைவோ அதுவரை, இடைநீக்கம் தானாக நடந்துவிடும். 2019 ஜனவரி 2 அன்று மேகதாது அணைக்கு எதிராக முழக்கமிட்ட அதிமுக உறுப்பினர்கள் 24 பேர் ஒரே நாளில் ஐந்து அமர்வுகளுக்கு இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். மாநிலங்களவைத் தலைவருக்கு இந்தத் தானியங்கி அதிகாரம் இல்லை. அங்கே விதி 256இன்கீழ் அவைதான் தீர்மானிக்க வேண்டும்.

ஆளும் தரப்புக்குப் பெரும்பான்மை இருக்கும்போது இத்தகைய தீர்மானம் தோற்காது என்பதே இந்த ஏற்பாட்டின் பலவீனம். 1989 மார்ச்சில் 63 பேர், 2023 டிசம்பரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 பேர் என்ற எண்ணிக்கைகள் அப்படித்தான் வந்தன. பின்னதில் ஒரு சிறு நிகழ்ச்சி: நாடாளுமன்றத்தில் நடந்த பாதுகாப்பு மீறல் குறித்து விளக்கம் கோரி அமளி நடந்த டிசம்பர் 14 அன்று இடைநீக்கப் பட்டியலில் படிக்கப்பட்ட பெயர்களில் சேலம் உறுப்பினர் எஸ். ஆர். பார்த்திபனுடையதும் இருந்தது. அவர் அன்று அவையிலேயே இல்லை. பிழை சுட்டிக்காட்டப்பட்டபின் பெயர் நீக்கப்பட்டது. பட்டியலைப் படித்த அவசரத்துக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பதவி நீக்கம் அரிது. 1951இல் பம்பாய்த் தங்க வெள்ளி வணிகர் சங்கத்துக்காகப் பணம் பெற்று வினா எழுப்பியதாக எச். ஜி. முத்கல்மீது குற்றம் உறுதியானது. நீக்கத் தீர்மானம் நிறைவேறுமுன் அவர் விலகிவிட்டார். 1978 டிசம்பரில் அவையின் உரிமையை மீறியதற்காக இந்திரா காந்தி நீக்கப்பட்டுச் சிறைக்கும் அனுப்பப்பட்டார்; 1981இல் புதிய அவை அந்தத் தீர்மானத்தை ரத்து செய்தது. 2005 டிசம்பரில், வினா கேட்கப் பணம் வாங்குவது ரகசியக் கேமராவில் பதிவானதைத் தொடர்ந்து இரு அவைகளிலுமாக 11 பேர் நீக்கப்பட்டார்கள்; அவைக்கு அந்த அதிகாரம் உண்டு என்று 2007இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023 டிசம்பர் 8 அன்று நெறிமுறைக் குழு அறிக்கையின்பேரில் மஹுவா மொய்த்ரா நீக்கப்பட்டார். குற்றச்சாட்டை மறுத்த அவர், 2024இல் அதே தொகுதியில் மீண்டும் வென்று வந்தார். இந்தக் கடைசி நிகழ்வில் ஒரு பகுதி வினா இணையதளத்தின் கடவுச்சொல்லைப் பிறரோடு பகிர்ந்தது பற்றியது. உறுப்பினரின் கணக்கைத் தினமும் திறக்கும் உதவியாளர்கள், யார் யாரிடம் கடவுச்சொல் இருக்கிறது என்பதை அவரிடமே எழுத்தில் கேட்டு ஒப்புதல் பெற்றுக்கொள்வது நல்லது.

குடிமக்களும் ஓர் உறுப்பினரின் நெறிதவறிய நடத்தை குறித்து நெறிமுறைக் குழுவுக்குப் புகார் தரலாம்; ஆனால் மற்றொரு மக்களவை உறுப்பினர் வழியாகவும், பிரமாணப் பத்திரத்தோடும் தர வேண்டும்.

இடைநீக்கத்தின் விளைவு வேலைக்கு நேரடியாகத் தொடர்புடையது. 2023 டிசம்பரில் செயலகம் சுற்றறிக்கையாகவே தெரிவித்தது: அவை, அதன் முகப்புக்கூடம், பார்வையாளர் மாடம் எங்கும் நுழைய முடியாது, குழுக் கூட்டங்களிலும் கலந்துகொள்ள முடியாது, அவர் பெயரில் எந்த அலுவலும் பட்டியலில் இடம்பெறாது, அந்தக் காலத்தில் கொடுக்கும் நோட்டீஸ் ஏற்கப்படாது, தினப்படி கிடையாது. ஏற்கெனவே பட்டியலில் ஏறியிருந்த வினாக்களும் எடுக்கப்பட்டுவிட்டன. பதினைந்து நாள் காத்திருந்து குலுக்கலில் தேறிய நம் மேம்பால வினாவும் அப்படிப் போய்விடக்கூடும். அதனால் முக்கியமான வினாவை ஒருவர் பெயரில் மட்டும் கொடுக்காமல், பக்கத்துத் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கும் அதே நாளுக்கு, சற்றே மாற்றிய சொற்களில் கொடுத்து வையுங்கள். இரண்டும் தேறினால் செயலகம் இரு பெயர்களையும் ஒரே வினாவின்கீழ் சேர்த்துவிடும். ஒருவர் வெளியே நின்றாலும் பதில் மேசைக்கு வந்துவிடும்.